பன்னிரண்டு பேர் பாரதம்

பாண்டவர் பக்கம் ஏழு அக்குரோணி, கௌரவர் பக்கம் பதினொன்று. ஓர் அக்குரோணிக்குத் தேர் 21,870, யானை 21,870, குதிரை 65,610, காலாள் 1,09,350. பதினெட்டு அக்குரோணியையும் கூட்டிப் பார்த்தால் 39 லட்சத்தைத் தாண்டும். இத்தனை படையும் எங்கள் பக்கத்து ஊர்களுக்கு ஒரே வேனில் வந்து இறங்கும். பின்கதவைத் திறந்தால் இரண்டு தகரப் பெட்டி, ஒரு ஆர்மோனியப் பெட்டி, துணி சுற்றிய மத்தளம், சாக்கில் கட்டிய மரக் கிரீடங்கள். ஆட்கள் பன்னிரண்டிலிருந்து பதினைந்துக்குள். அதில் நாலு பேர் வாத்தியக்காரர்கள்.

குருக்ஷேத்திரத்தை நடத்த இவ்வளவு பேர் போதும் என்று யாரோ எப்போதோ முடிவு செய்திருக்கிறார்கள். அந்த முடிவு எப்படிப்பட்டது, அதற்கு இப்போது என்ன ஆயிற்று என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

எங்கள் பக்கம் என்றால் புதுச்சேரிப் பக்கம். வில்லியனூரைத் தாண்டிச் சங்கராபரணி ஆற்றை ஒட்டியிருக்கிறது செல்லிப்பட்டு. மண்ணாடிப்பட்டு கொம்யூனைச் சேர்ந்த ஊர். சங்கராபரணிக்குச் செஞ்சி ஆறு என்றும் பேர் உண்டு, செஞ்சி மலைப் பக்கம் பிறந்து வருவதால். திரௌபதி அம்மன் வழிபாடும் அதே திசையிலிருந்துதான் வந்தது என்பார்கள். செஞ்சிக்குப் பக்கத்து மேலச்சேரிக் கோயிலைத்தான் ஆதிக் கோயில் என்று சொல்வது வழக்கம். திரௌபதி வழிபாட்டைப் பற்றி 1988-லும் 1991-லும் இரண்டு பெரிய தொகுதிகள் எழுதிய அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டபைட்டலும் செஞ்சியிலிருந்தே கதையைத் தொடங்குகிறார். ஆறும் அம்மனும் ஒரே வழியாகக் கீழே இறங்கி வந்தது போலத் தோன்றும். விழுப்புரம், கடலூர், புதுச்சேரிக் கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில்கள் நெருக்கமாக இருக்கின்றன. கோயில் இருக்கும் இடத்தில் பாரதப் பிரசங்கம் இருக்கும், பிரசங்கம் இருக்கும் இடத்தில் கூத்து இருக்கும், கடைசி நாள் தீமிதி இருக்கும்.

1954 நவம்பர் முதல் தேதி வரை இந்தப் பக்கம் பிரெஞ்சு ராச்சியம். எல்லைக் கோடு வயலுக்கு நடுவே புகுந்து புறப்பட்டுப் போகும்; ஒரு ஊர் பிரெஞ்சு, அடுத்த ஊர் பிரிட்டிஷ், பிறகு இந்தியா. ஜமா என்கிற கூத்துக் குழுக்களுக்கும் பார்க்கப் போனவர்களுக்கும் அந்தக் கோடு பெரிதாகத் தெரிந்ததில்லை. ஆற்றில் தண்ணீர் வற்றிய பங்குனி, சித்திரையில் மணலில் இறங்கி நடந்தால் அக்கரை ஊரில் கூத்து ஆடுகிற களரி. மத்தளச் சத்தம் எந்தத் திசையில் கேட்கிறதோ அந்தத் திசைக்கு நடப்பார்கள்.

கூத்து என்பது முழுக்க முழுக்க இசை நாடகம். இதைப் பல பேர் மறந்துவிடுகிறார்கள். விருத்தம், தரு, நடுவில் வசனம், வசனத்தையும் ராகம் போட்டு இழுக்கிற இழுப்பு, மூச்சு விட இடமில்லாத அடவு. ராஜ வேஷக்காரர் ஒரு ராத்திரியில் பாடுகிற பாட்டுகளை ஒரு சங்கீத வித்வான் இரண்டு மூன்று கச்சேரிக்குப் பிரித்து வைத்துக்கொள்வார். மேற்கே இதைப் பெரிய மியூசிக்கல் என்பார்கள். அங்கே அதற்கு ஆர்க்கெஸ்ட்ரா தனி, கோரஸ் தனி, நடனக் குழு தனி, உடை மாற்றிவிட ஆள் தனி. இங்கே எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு வேன்.

எப்படி முடிகிறது? முதலில், வாத்தியார் ஆட்களைப் பிரிக்கும் கணக்கைப் பார்க்க வேண்டும். கட்டை வேஷம் என்றால் கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் எல்லாம் வைத்துக் கட்டுகிற ராஜ வேஷம். எடை குறைவு என்பதற்காகக் கல்யாண முருங்கை மரத்தில் செய்து, கண்ணாடிச் சில்லு ஒட்டியிருப்பார்கள். அதைக் கட்டவும் முகத்துக்கு அரிதாரம் பூசவும் மணிக்கணக்கு ஆகும். ஒரு தடவை துரியோதனனுக்குச் சிவப்புப் பூசிவிட்டால் அந்த ஆள் விடிய விடியத் துரியோதனன்தான். நடுவில் முகம் கழுவிக் கிருஷ்ணனாக வர முடியாது. ஆகவே கட்டை கட்டினவருக்கு இரண்டாவது வேஷம் கிடையாது. புடவை வேஷம், வேட்டி வேஷம் கட்டுகிறவர்கள்தான் மாறி மாறி வருவார்கள். ஆரம்பத்தில் குந்தியாக வந்தவர் நடு ராத்திரியில் சஞ்சயன், விடியும் முன்பு காந்தாரி. யாருக்கு எந்தச் சாயம், எது எப்போது கலையும், எதற்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்பதை வைத்துத்தான் கதையே நகர்கிறது. பாட்டின் வரிசை கதைக்காக எழுதப்பட்டது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். பாதி, உள்ளே ஒருவர் புடவை மாற்றி முடிப்பதற்காகவும் இருக்கும்.

திரைப் பிரவேசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அதற்குப் பின்னால் ராஜா வந்து நின்று முதலில் குரலைக் காட்டுவார், பிறகு கிரீடத்தின் நுனியை, பிறகு பாதத்தை. துணியை ஆட்டுவார், உள்ளேயே ஒரு சுற்று ஆடுவார். தான் இன்னார் மகன், இன்ன தேசத்தை ஆள்பவன் என்று பாடி முடித்துத் துணியை விலக்க அரை மணி கூட ஆகும். பார்ப்பவனுக்கு அது பரபரப்பு, உள்ளே இருப்பவனுக்கு அது அவகாசம். ஒவ்வொரு பாத்திரமும் வந்தவுடன் தன் பேரைத் தானே சொல்வதிலும் ஒரு வசதி இருக்கிறது. யார் கட்டியிருக்கிறார் என்பது கேள்வியே இல்லை. தருமன் என்று சொன்னால் தருமன். சற்று முன் இதே ஆள் வேறு யாரோவாக வந்தாரே என்று களரியில் ஒருவரும் கேட்டதில்லை.

வேஷம் முடிந்தவர்களும் வேஷம் வராதவர்களும் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது. வாத்தியக்காரர்களுக்குப் பக்கத்திலும் பின்னாலும் நின்று பின்பாட்டு பாட வேண்டும். ராஜா ஓரடி பாடினால் அதே அடியைத் திருப்பி வாங்கி நிறைப்பது அவர்கள் வேலை. ஒருவர் ஆட, ஏழெட்டுக் குரல் எழும்பும்போது தூரத்தில் இருந்து கேட்பவனுக்கு அது சபை நிறைந்த சத்தம். நடிகனே வாத்தியக் குழுவும் ஆவது என்கிற இந்த உத்தியை, 2005-இல் நியூயார்க் பிராட்வேயில் ஜான் டாயில் ‘ஸ்வீனி டாட்’ நாடகத்தைப் பத்தே நடிகர்களை வைத்து, அவர்களையே வாத்தியம் வாசிக்க வைத்துப் போட்டபோது, புதுமை என்று கொண்டாடினார்கள். கொண்டாட வேண்டியதுதான். எங்கள் பக்கத்து மத்தளக்காரர் அதைக் கேட்டால் இதில் என்ன அதிசயம் என்பார்.

எல்லாவற்றுக்கும் மேலே கட்டியக்காரன். அரண்மனைக் காவல், மந்திரி, தூதன், தேரோட்டி, வண்ணான், வழிப்போக்கன், பட்டணத்து ஜனம் என்று கதையில் மீதி இருக்கிற அத்தனை பேரும் அவன் ஒருவன்தான். ராஜா, “அடே காவலா, நம் சேனையெல்லாம் வந்து சேர்ந்ததா?” என்று கேட்டால், “வந்துட்டுதுங்க மகாராஜா. இதோ எதிர்த்தாப்புல பாய் போட்டு உக்காந்திருக்குது பாருங்க. பாதி சேனை இப்பவே தூங்குது” என்கிற தோரணையில் பதில் வரும். களரி சிரிக்கும், தூங்கியவன் எழுந்து உட்காருவான், அந்தக் கணத்தில் அவனும் துரியோதனன் படையில் சேர்ந்தாயிற்று.

சிரிப்பு என்று தள்ளிவிடக் கூடாத இடம் இது. கூத்தில் ஆள் குறைவு என்பது பாதி உண்மைதான். மீதி ஆட்களை ஊர் கொடுத்தது.

பகாசூரன் கதை அன்றைக்கு வண்டியில் சோறு ஏற்றிக்கொண்டு பீமன் வேஷக்காரர் தெருவில் வருவார். அந்தச் சோறு ஊர்ச் சோறு, மாடும் வண்டியும் யாரோ ஒரு வீட்டுடையது. விராட பர்வத்தில் மாடுபிடி சண்டை வந்தால் சில ஊர்களில் நிஜ மாடுகளையே ஓட்டி வந்தார்கள். அர்ச்சுனன் தபசுக்கு நெடிய மரம் நட்டுப் படி கட்டியிருப்பார்கள். வேஷக்காரர் ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டுப் பாடி உச்சிக்கு ஏறி, அங்கிருந்து எலுமிச்சம்பழமும் விபூதியும் எறிவார். கீழே பிள்ளை வரம் வேண்டிய பெண்கள் ஈரப் புடவையோடு முந்தானை ஏந்தி நிற்பார்கள். அங்கே யார் நடிகர், யார் பார்வையாளர்? துகிலுரிதலில் துச்சாதனன் புடவை முனையைத் தொடும் முன் கற்பூரம் ஏற்றி அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்வார். அதே நேரம் களரியில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அத்தினாபுரத்துச் சபையில் வாயடைத்து உட்கார்ந்திருந்தவர்களைக் காட்டத் தனியாக நடிகர் வைக்கவில்லை, வேண்டியதும் இல்லை.

படுகளம்தான் உச்சம். பதினெட்டாம் போர் ராத்திரி முழுக்க நடந்து, பொழுது ஏறியதும் கூத்து களரியை விட்டு வெட்டவெளிக்குப் போகும். முப்பது நாற்பது அடி நீளத்தில் துரியோதனனை மண்ணால் படுக்க வைத்திருப்பார்கள். அதன் மேலும் அதைச் சுற்றியும் ஓடி ஓடிச் சண்டை. பீமன் தொடையில் அடிக்க, திரௌபதி கூந்தல் முடிய, துரியோதனன் பெண்சாதி ஒப்பாரி வைக்க, ஊர் திரண்டு நிற்கும். அந்த ஒப்பாரிக்குத் தங்கள் வீட்டுச் சாவுகளை நினைத்து அழுகிற பெண்கள் எத்தனையோ பேர். முடிந்ததும் அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். சாயங்காலம் தீமிதி. பன்னிரண்டு பேர் தொடங்கியதை ஊரே முடித்து வைக்கிறது.

இதன் கடைசி எல்லையைப் பார்க்க வேண்டுமானால் கூத்தாண்டவர் கோயில்களுக்குப் போக வேண்டும். கூவாகமும், எங்கள் பாகூர்ப் பக்கத்துப் பிள்ளையார்குப்பமும். கூத்தாண்டவர் என்பது அரவான்தான். களத்தில் ஒரு அரவான் பலியாகிறான். அவனுக்கு மனைவியாகத் தாலி கட்டிக்கொள்ளத் திருநங்கைகள் ஆயிரக்கணக்கில் வருகிறார்கள், மறுநாள் தாலி அறுத்து அழுகிறார்கள். கூத்தில் ஒருவர் ஏழு வேஷம் கட்டுவார் என்றால், இங்கே ஒரு வேஷத்தை ஆயிரம் பேர் கட்டுகிறார்கள். சிறு குழு, பெருங்கதை என்கிற கணக்கு இரண்டு பக்கமும் திறந்த கணக்கு.

அன்றைக்கு இப்படி. இன்றைக்கு வருவோம்.

ஆள் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் பெரிய மாற்றம் இல்லை. ஜமா இப்போதும் பன்னிரண்டு, பதினைந்து பேர்தான். மாறியது வெளிச்சம், ஒலி, நேரம், எல்லாவற்றுக்கும் மேலாக எதிரே உட்கார்ந்திருப்பவர்கள்.

தீவட்டி போய்ப் பெட்ரோமாக்ஸ் வந்தது, பெட்ரோமாக்ஸ் போய் டியூப்லைட் வந்தது, இப்போது எல்இடி. தீவட்டி வெளிச்சம் ஆடுகிற முகத்துக்கு மட்டும் விழும், சுற்றிலும் இருட்டு. அந்த இருட்டில்தான் மிச்சமிருந்த 39 லட்சம் பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். எல்இடி வெளிச்சத்தில் பின்னால் பீடி குடிப்பவரும் தெரிகிறார், புடவை மாற்றுபவரின் கால்சட்டையும் தெரிகிறது. ஆள் குறைவு என்பது கண்ணுக்குப் புலப்பட ஆரம்பித்ததே வெளிச்சம் கூடிய பிறகுதான் என்று எனக்குத் தோன்றும்.

மைக் செய்தது வேறு வேலை. மைக் இல்லாத காலத்தில் உச்சத்துச் சுருதியில் பாடி, கடைசி வரிசைக்குக் குரலை அனுப்ப வேண்டும். அதற்காகவே பின்பாட்டும் பலமாக இருந்தது. களரிக்கு நடுவே மைக் தொங்க ஆரம்பித்ததும் ராஜா அதன் அடியில் கட்டிப் போட்டவர் ஆனார். ஒரு சுற்று ஆடிவிட்டு அவசரமாகத் திரும்பி வந்து அடுத்த அடியைப் பாட வேண்டும். பெரிய களரி, ஒரு மைக்கைச் சுற்றிய வட்டமாகச் சுருங்கிப் போனது. இப்போது சட்டையில் மாட்டும் மைக் வந்து அந்தக் கட்டை அவிழ்த்துவிட்டிருக்கிறது. இதை நல்ல மாற்றம் என்றே சொல்வேன். ஆனால் ஒருவர் குரல் பெட்டி பெட்டியாய் ஒலிபெருக்கியில் முழங்கும்போது பின்பாட்டுக்கு எட்டுப் பேர் எதற்கு என்ற கேள்வியும் கூடவே வந்துவிட்டது. இரண்டு பேர் போதும் என்று சில இடங்களில் முடிவாகியும் விட்டது.

நேரம்தான் பெரிய அடி. இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. திருவிழாக்களுக்கு, ஆண்டில் பதினைந்து நாளுக்கு மிகாமல், நள்ளிரவு வரை மாநில அரசு தளர்த்திக் கொடுக்கலாம். நோயாளிக்கும் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கும் அந்த விதி அவசியம்தான், மறுக்கவில்லை. ஆனால் கூத்து பத்து மணிக்குத்தான் ஆரம்பிக்கும், விடியும்போதுதான் கர்ணன் சாவான். பன்னிரண்டு மணிக்கு முடித்தாக வேண்டும் என்றால் கர்ணனைச் சாயங்காலமே சாகச் சொல்ல வேண்டும். நேரம் குறைந்தால் திரைப் பிரவேசம் குறைகிறது. அது குறைந்தால் வேஷம் மாற்ற அவகாசம் இல்லை. அவகாசம் இல்லை என்றால் ஒருவர் மூன்று வேஷம் கட்ட முடியாது. ஆகவே பாத்திரங்களை வெட்டுகிறார்கள். குறைந்த ஆட்களை வைத்துப் பெரிய கதை சொல்ல வேண்டுமானால் நிறைய நேரம் வேண்டும். அந்த முதலைப் பிடுங்கிவிட்டு வியாபாரம் செய் என்கிறோம்.

அரசு விழா மேடைகளில் நடப்பது இதுதான். நாற்பது நிமிஷம், ஐந்தாறு பேர், துகிலுரிதல் மட்டும். முன்வரிசையில் சால்வைகள் காத்திருக்கும். பார்க்க அழகாகவும் இருக்கும், சந்தேகமில்லை. ஆனால் அது சின்னக் குழு நடத்துகிற பெரிய கூத்து அல்ல, சின்னக் கூத்து.

தொலைக்காட்சி மேல் பழி போடுவது சுலபம். பி.ஆர். சோப்ராவின் மகாபாரதம் 1988 அக்டோபர் 2-இல் தொடங்கி 94 பகுதிகளாக ஓடியது. பிறகு தமிழ் பேசியும் வேறு வேறு பாரதங்கள் வந்தன. அதில் நிஜமாகவே கும்பல் கும்பலாகப் படை நடந்தது, யானை வந்தது, அம்பு தீப்பிடித்துப் பறந்தது. ஆனால் அதனால் ஆட்கள் கூத்துக்கு வராமல் போனார்கள் என்று சொல்ல மாட்டேன். டிவியில் பார்த்த கதையைத் தெரிந்துகொண்டு களரிக்கு வந்து உட்கார்ந்தவர்களும் உண்டு. அதைவிட, திருபுவனையிலும் சேதராப்பட்டிலும் மேட்டுப்பாளையத்திலும் தொழிற்பேட்டைகள் வந்தது பெரிய காரணம். காலை ஷிப்டுக்குப் போகிறவர் பத்து ராத்திரி விழிக்க முடியாது. வேஷம் கட்டுகிறவருக்கும் அதே ஷிப்டுதான். கூத்து, விவசாயம் ஓய்ந்த மாதங்களுக்கு அமைத்த கலை. தொழிற்சாலைக்கு ஓய்ந்த மாதம் என்று ஒன்று கிடையாது. அப்புறம் வெட்டவெளி. படுகளத் துரியோதனன் படுக்க வேண்டிய இடங்களில் மனைப்பிரிவுக் கற்கள் நடுகிறார்கள். வில்லியனூர்ப் பக்கம் மனை விற்கிற விலையில், ஆண்டுக்கு ஒரு நாள் ஒரு மண் பொம்மை படுத்துக்கொள்ள இடம் விடுவது யாருக்குக் கட்டும்?

பாய் போய் நாற்காலி வந்ததையும் சொல்ல வேண்டும். பாயில் உட்கார்ந்தவன் படையாக இருந்தான். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தவன் பார்வையாளன். கட்டியக்காரன் அவனைப் பார்த்துக் கிண்டல் செய்தால் சிரிப்புக்குப் பதில் செல்போன் உயர்கிறது.

புதுச்சேரி நகரத்துக்கும் நாடகக் கதை ஒன்று உண்டு, அது நேர்மாறான கதை. நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1922 நவம்பர் 13-இல் இங்கேதான் இறந்தார்; கருவடிக்குப்பத்தில் சமாதி. அவர் வளர்த்த பாய்ஸ் கம்பெனிகளில் பையன்கள் கூட்டம் கூட்டமாக இருந்தார்கள். திரை, சீன், மின் விளக்கு என்று எல்லாம் பெரிசு. சினிமா வந்ததும் அந்தப் பெரிய கம்பெனிகள் முதலில் போயின. அவர் எழுதிய அதே நாடகங்கள், ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியம் என்று ஆளுக்கு ஆள் தனித்தனியாகப் பேசி அழைத்து நடத்தும் ‘ஸ்பெஷல் நாடக’மாக மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் இன்றும் விடிய விடிய நடக்கின்றன. பெரிய குழு செத்தது, சிறிய குழு பிழைத்தது. இதைக் கூத்தும் கவனத்தில் வைத்துக்கொள்ளலாம். புதுவைப் பல்கலைக்கழக நாடகத் துறைக்கு அவர் பேரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

படித்தவர்கள் கூத்தைத் திரும்பிப் பார்த்ததும் நடந்தது. எழுத்தாளர் ந. முத்துசாமி புரிசை நடேசத் தம்பிரானின் கூத்தைப் பார்த்து மிரண்டு, 1977-இல் கூத்துப்பட்டறை நாடகக் குழுவைத் தொடங்கினார். அவருடைய ‘அன்று பூட்டிய வண்டி’ கூத்தைப் பற்றித் தமிழில் வந்த முக்கியமான கட்டுரைத் தொகுப்பு. புரிசைக்காரர்கள் பிரெக்டையும் கார்சியா மார்க்கேஸையும் கூத்தாக்கிக் காட்டினார்கள். காஞ்சிபுரத்துப் பக்கம் பெ. ராஜகோபாலும் அவர் துணைவியார் ஹன்னே டி புருயினும் 1990-இல் கட்டைக்கூத்துச் சங்கமும், 2002-இல் பிள்ளைகளுக்குக் குருகுலமும் தொடங்கினார்கள். பள்ளிப் படிப்போடு கூத்தும் சொல்லிக்கொடுத்த அந்தக் குருகுலம் 2020-இல் மூடப்பட்டது. ஆனால் அது ஒரு காரியத்தைச் செய்துவிட்டுப் போனது. ஆம்பளைகள் மட்டுமே திரௌபதி கட்டிக்கொண்டிருந்த களரியில் பெண் பிள்ளைகள் கட்டை கட்டித் துரியோதனனாகவும் கர்ணனாகவும் ஆடினார்கள். இன்றைய மாற்றங்களில் எனக்கு அட்டியில்லாமல் பிடித்தது அதுதான். ஆள் பஞ்சம் என்று புலம்புகிற ஜமாக்கள், ஊரில் பாதிப் பேரைக் கணக்கிலேயே சேர்க்காமல் இருந்ததை யோசிக்கலாம்.

உலகமும் இந்தக் கணக்கை அவ்வப்போது வந்து போட்டுப் பார்த்திருக்கிறது. பீட்டர் புரூக் 1985-இல் பிரான்ஸில் அவிஞ்ஞோன் விழாவுக்காக ஒரு கல்குவாரியில் ஒன்பது மணி நேர மகாபாரதம் போட்டார். இருபத்துச் சொச்சம் நடிகர்கள், ஒரு சிறு இசைக்குழு, மண் தரை, நெருப்பு, தண்ணீர். விடிய விடிய நடத்தியதும் உண்டு. நம் களரியைப் பார்த்தவர்களுக்கு அதில் பல சங்கதிகள் பழக்கமாகத் தெரியும்.

இன்னொன்று எங்கள் ஊருக்கே நெருக்கமானது. அரியான் மினுஷ்கினின் பாரிஸ் குழுவான தியேட்டர் து சோலெய் 2015-ஆம் ஆண்டுக் கடைசியில் புதுச்சேரிக்கு வந்து இண்டியநாஸ்ட்ரம் அரங்கில் பட்டறை நடத்தியது. மறு ஆண்டு பாரிஸில் ‘இந்தியாவில் ஓர் அறை’ என்ற நாடகத்தைப் போட்டார்கள். அதற்குள்ளே தெருக்கூத்துக் காட்சிகள். பிரெஞ்சுக்காரர்களும் ஆப்கானியரும் இன்னும் பல நாட்டவரும் அரிதாரம் பூசிக் கிரீடம் வைத்துத் தமிழில் பாடினார்கள். சொல்லிக்கொடுத்தவர் புரிசை கண்ணப்ப சம்பந்தன். 2017-இல் அது நியூயார்க்குக்கும் போனது. அந்த நாடகத்துக்கு மேடையில் முப்பதுக்கும் மேற்பட்ட நடிகர்கள். பெருமையாகத்தான் இருந்தது. கூடவே ஒரு எண்ணமும் வந்தது: பன்னிரண்டு பேர் வேனில் கொண்டு வந்து இறக்குகிற பாரதத்தில் இரண்டு காட்சியைத் தொட அங்கே முப்பது பேர் வேண்டியிருந்தது. குறை சொல்லவில்லை. அவர்களுக்குப் பாயில் உட்கார்ந்த படை இல்லை, கன்னத்தில் போட்டுக்கொள்கிற பெண்கள் இல்லை. ஊர் கொடுக்க வேண்டியதை நடிகர்களை வைத்துத்தான் நிரப்ப வேண்டும்.

நாமும் மெல்ல அந்த நிலைக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறோம். ஊர் விலகிக்கொண்ட களரியில் நிற்கிற பன்னிரண்டு பேர், நிஜமாகவே பன்னிரண்டு பேர்தான். அவர்கள் ஆட்டம் குறைந்து போய்விடவில்லை. நல்ல மத்தளக்காரரும் நல்ல கட்டியக்காரரும் இன்றைக்கும் இருக்கிறார்கள். கொரோனாவில் 2020-இன் சீசன் முழுக்கக் கையை விட்டுப் போன பிறகும், அடுத்து விழா நடந்ததும் அதே தகரப் பெட்டியோடு வந்தார்கள். குறைந்தது எதிர்ப்பக்கம்.

விழாக்குழுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பத்து நாள் கூத்துக்கு வசதி இல்லை என்றால் மூன்று நாள் வையுங்கள். ஆனால் படுகளத்தை விட்டுவிடாதீர்கள். அது பகலில் நடப்பது, ஒலிபெருக்கி விதி அதைத் தடுக்காது. மண் பொம்மைக்கான இடத்தைக் கோயில் பேரில் எழுதி வைக்க முடியுமானால் இப்போதே எழுதி வையுங்கள். செலவைக் குறைக்கப் பின்பாட்டுக்காரரை நிறுத்தச் சொல்லாதீர்கள். இன்னொன்று, திருவிழா நோட்டீஸ். உபயதாரர் பேர், அவர் தகப்பனார் பேர், தெரு, தொழில், கட்சி எல்லாம் பத்தி பத்தியாக அச்சாகிறது. கீழே பெரும்பாலும் ‘இரவு 10 மணிக்குத் தெருக்கூத்து நடைபெறும்’ என்று ஒரே ஒரு வரி. யார் துரியோதனன், யார் திரௌபதி, யார் மத்தளம் என்று போடுங்கள். பன்னிரண்டு பேர்தான், இரண்டு வரிக்குள் அடங்கிவிடும்.